பல்லுக் குத்து நின்டாலும் போக வேணும்: முதன்முறையாகப் பல் டொக்டரிடம் போகிறவர்களுக்கு

எங்கட பெத்தாவுக்கு (பாட்டிக்கு) கடவாய்ப் பல்லில் மூன்று நாள் விடாத குத்து. கராம்பு வைத்தா, உப்புத் தண்ணி கொப்பளித்தா, பனடோல் போட்டா. நான்காம் நாள் காலையில், "குத்து நின்டு போச்சி மனே, இனி என்னத்துக்கு ஆசுபத்திரி?" என்று வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டா. இரண்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கிக் கண் மூடின பிறகுதான் ஓட்டோ பிடித்தோம்.

சூத்தை நரம்பு வரை போய் நரம்பு செத்தால் குத்து நின்றுவிடும். கிருமி நிற்காது. வேருக்குக் கீழே இறங்கிச் சீழ் கட்டும். மட்டக்களப்பில் எங்கள் வீடு மாதிரி எத்தனையோ வீட்டில் இதே கதைதான்.

படி 1: கண்ணாடி முன் நில்லுங்கள்

போன் டோர்ச்சை அடித்து வாய்க்குள் பாருங்கள். கறுப்புப் புள்ளி, ஓட்டை, சிவந்து தடித்த முரசு (ஈறு), கீழ் முன்பற்களின் உட்பக்கம் மஞ்சளாய் ஒட்டிய காரை. நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னுமொரு சோதனை. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடிகிறதா? முந்தி ருசித்துத் தின்ற மீன்குழம்பு இப்போது வாயை எரிக்கிறதா? வாயின் உட்தோல் இறுகத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். "நான் போயிலை வைக்கிறல்ல, வெறும் பாக்குத்தான்" என்பது எங்கள் ஊர்ச் சமாதானம். போயிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வெளியிட்டுவிட்டது.

படி 2: வலியைச் சொல்லப் பழகுங்கள்

"பல்லு வலிக்குது" என்றால் டொக்டருக்கு அரைவாசிக் கதைதான் கிடைக்கும். ஐஸ் தண்ணியோ இனிப்போ பட்டதும் சுள்ளென்று கூசி உடனே போய்விட்டால், பெரும்பாலும் சிறிய சூத்தை, அல்லது முரசு இறங்கி வேர் தெரிகிறது. அடைத்தோ கூச்சத்துக்கு மருந்து பூசியோ சரிசெய்யலாம். சூடான தேத்தண்ணி குடித்து நெடுநேரம் குத்தினால், இரவில் நித்திரையைக் கெடுத்தால், சூத்தை பெரும்பாலும் நரம்பு வரை போய்விட்டது. கடிக்கும்போது மட்டும் நொந்து, அந்தப் பல் மற்றதைவிட உயர்ந்தது போல இருந்தால் வேரடியில் சீழ் இருக்கலாம். இருபது வயதுப் பிள்ளைக்குக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் வீங்கி வாய் திறக்க ஏலாமல் போனால் ஞானப்பல்லைச் சந்தேகியுங்கள்.

பல் துலக்கும்போது இரத்தம் வருவதையும் சொல்லுங்கள். பயந்து அந்த இடத்தில் பிரஷ் போடாமல் விடுகிறவர்கள்தான் கூட. விட்டால் இன்னும் மோசமாகும். காரையை எடுத்துவிட்டால் அநேகமாகச் சரி.

படி 3: எங்கே போவது?

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் காசில்லாமல் பார்க்கலாம். வெள்ளனப் போய் நம்பர் எடுங்கள். 13 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலும் காட்டலாம்.

படி 4: போகிற அன்று

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய் ஊசி போட்டதும் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம் இருந்தால் கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை போடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, சொன்னால் போதும். கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 5: கதிரையில்

ஊசி குத்தும் நேரம்தான் வலி, பிறகு விறைத்துவிடும். நொந்தால் கையை உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "இதைப் புடுங்காமக் காப்பாத்தலாமா, டொக்டர்?" எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க முந்தியே "புடுங்கி விடுங்க" என்பார்கள்.

புடுங்கினால், தந்த பஞ்சை அரை மணித்தியாலம் அழுத்திக் கடியுங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ வேண்டாம். காயத்தில் உறைந்த இரத்தம் கழன்றுவிடும். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணி. சுருட்டும் வெற்றிலையும் காயம் ஆறும் வரை கிட்டவே வரக் கூடாது.

படி 6: அடுத்த திகதி

பல்லைப் புடுங்காமல் காப்பாற்றச் செய்யும் வேர்ச்சிகிச்சை ஒரு நாளில் முடியாமல் போகலாம். முதல் தடவை நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். அநேகமாக அன்றோடு குத்து நின்றுவிடும். பெத்தாவுக்கும் அப்படித்தான் நின்றது. அதனால்தான் கலண்டரில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் சுற்றி, வெற்றிலைத் தட்டுக்கு நேரே சுவரில் தொங்கவிட்டேன்.