பந்தல் போடும் முன்: கடைமடைக் கிராமங்களில் பண்டிகை உதவி செய்வோர் செய்யும் பிழைகள்

முதல் முறை நாங்கள் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, 120 குடும்பங்களுக்குப் புடவை, வேட்டி, ஒரு பொட்டலம் இனிப்பு. காலை 10 மணி என்று சொல்லியிருந்தோம். பெண்கள் 9 மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைமை தாங்க வேண்டியவரின் கார் மன்னார்குடியைத் தாண்டும்போதே மணி 11. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஏழு பொன்னாடை, நான்கு பேச்சு. முதல் புடவை கைமாறியபோது மணி ஒன்றேகால்.

வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஓர் அம்மாள் பந்தல்காலில் சாய்ந்தபடி பக்கத்து வீட்டுக்காரரிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று களையெடுக்கப் போயிருந்தால் கூலி எவ்வளவு, இந்தப் புடவை கடையில் எவ்வளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. “கூலியைக் கொடுத்துப் புடவை வாங்கியிருக்கிறேன். பேச்சு மட்டும்தான் இனாம்” என்றார். நான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அதன்பின் பல ஆண்டுகள் பல ஊர்களுக்குப் போயிருக்கிறோம். நாளும் நேரமும் இடமும் பொருளும் நம் வசதிக்கு வைக்கப்பட்டிருந்தால் அன்றைக்கு ஏதோ ஒன்று கோணலாகத்தான் முடியும். டெல்டாவில் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறர் படப் பார்த்ததையும் எழுதுகிறேன்.

நாளில் இருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறவர்களுக்குக் காவிரிப் படுகை என்றால் எல்லாம் ஒரே பச்சை. உள்ளே அப்படி இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் முறையாக வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குறுவை நெல் உண்டு. ஐப்பசி பிறக்கும்போது அறுவடைக் கூலி கையில் புரளும். தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் என்று, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடைக்குப் போகப் போகப் பெரும்பாலும் சம்பா நெல் மட்டும்தான். அதிலும் நேரடி விதைப்பு என்றால் நடவுக் கூலியும் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் வயலில் இறங்க முடியாது. வேதாரண்யத்தில் உப்பளமும் மூடிக் கிடக்கும். கார்த்திகையும் மார்கழியும்தான் அடுப்பு மெலிகிற மாதங்கள். சம்பா அறுவடை தை பிறந்த பிறகுதான் சூடுபிடிக்கும். அதையும் இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது.

இது தெரியாமல் எல்லோரும் போகிப் பண்டிகைக்கு முதல் நாள் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வாரத்தில் ரேஷன் கடையில் அரசின் பொங்கல் தொகுப்பு கொடுப்பார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு என்று வந்திருக்கிறது. பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை கொடுப்பது 1983-இல் தொடங்கிய திட்டம். நீங்களும் அதே பச்சரிசியையும் அதே கரும்பையும் தூக்கிக்கொண்டு போய் நின்றால், நிற்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே பணத்தில் மார்கழி முதல் வாரத்தில் துவரம்பருப்பும் எண்ணெயும் புளியும் மிளகாய்த்தூளும் வாங்கிக் கொடுத்திருந்தால் ஒரு மாதக் குழம்புக்கு வழி. அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 முதல் அரிசி இலவசம். பல வீடுகளில் சோறு உண்டு, சோற்றுக்குமேல் ஊற்றிக்கொள்ளத்தான் இல்லை.

நாள் குறிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதை வெளியூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், நமக்கும் அலுவலகம் இல்லை என்று டிசம்பர் 25-ஐயும் 26-ஐயும் தேர்ந்தெடுப்பார்கள். 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் சுற்று வட்டாரமே அங்கு திரள்கிறது. மறுநாள் 26, சுனாமி நாள். 2004-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் அன்று கடற்கரையில் மெழுகுவர்த்தியும் பூவும் பாலும்தான். ஒரு டிசம்பர் 26 அன்று ஒலிபெருக்கி கட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஆள் இறக்கி, மிட்டாய் வீசிய ஒரு குழுவை நான் பார்த்திருக்கிறேன். மீனவப் பஞ்சாயத்தார் இரண்டு பேர் வந்து மெதுவாகத்தான் சொன்னார்கள்: “இன்றைக்கு மட்டும் பாட்டு வேண்டாமே, தம்பி.” அந்தத் தாத்தா வேடம் போட்ட பையன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பாவம், சுனாமி வந்தபோது அவனுக்கு ஏழெட்டு வயதுகூட இருந்திருக்காது.

அடுத்தது, கொண்டுபோகும் பொருள். பழைய துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கொண்டுபோகாதீர்கள். சுனாமி நேரத்தில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்து மழையில் ஊறியதை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்த வீட்டுக்காரர்கள் அவர்கள். ஒரே இரவில் எல்லாம் போனது என்பதற்காக அடுத்தவர் உடுத்திக் கழித்ததை உடுத்துவார்களா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோதும் அதே பழந்துணி லாரிகள் வந்தன. பண்டிகை என்றாலே புதுத்துணிதான். பத்து பழையதைவிட ஒரு புதிய துண்டு மேல்.

புதுப் புடவையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு தையற்காரர். புடவை இனாம், சரி. ரவிக்கைத் துணி உண்டா? உண்டு என்றால் தைக்க ஆகும் கூலி? தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது எந்தத் தையற்காரர் துணி வாங்குவார்? நாங்கள் கொடுத்த 120 புடவையில் பெரும்பாலானவை அந்த தீபாவளிக்கு உடுத்தப்படவே இல்லை, பெட்டிக்குள் போயின. மறு ஆண்டு இருபது நாள் முன்பே கொடுத்தோம். ஊரிலேயே தையல் இயந்திரம் வைத்திருந்த மூன்று பெண்களிடம் பேசி, தையற்கூலியை நாங்களே அவர்களுக்குக் கட்டினோம். புடவை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் தீபாவளிக் காலையில் தெருவில் அந்தப் புடவைகள் நடமாடின.

பிள்ளைகளுக்கு உடை எடுப்பதானால் வயதைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். கடையில் 22, 24, 26 என்று அளவு போட்டிருக்கும். ஒரு வயதுக்கு ஒரு அளவு என்று கடைக்காரர் ஒரு கணக்கு வைத்திருப்பார், அது டவுன் பிள்ளைகளின் கணக்கு. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எங்கள் கவுனைப் போட்டுக்கொண்டு தோளில் இருந்து நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி புகைப்படத்துக்கு நின்றாள். அன்றே ஒரு டேப் வாங்கினேன். இப்போது அங்கன்வாடியிலோ பள்ளியிலோ ஒரு மாலை உட்கார்ந்து மார்பளவும் உயரமும் எடுத்துக்கொள்கிறோம். என்ன நிறம் வேண்டும் என்றும் கேட்கிறோம். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. கேட்கிறபோது பிள்ளைகள் ஒரு நொடி திகைப்பதைப் பார்க்க வேண்டும்.

பட்டாசு வேண்டாம் என்பது என் கட்சி, எங்கள் குழுவில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. கீற்றுக் கூரைத் தெருவில் ராக்கெட் கொடுப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. கொடுத்தே தீருவீர்கள் என்றால் மத்தாப்பூ, புஸ்வாணத்தோடு நிறுத்துங்கள். வெடிக்க அரசு வைத்திருக்கும் நேரத்தையும், சில ஆண்டுகளாக அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, சொல்லிவிட்டு வாருங்கள்.

பயனாளிகள் பட்டியல் எழுதும் வேலையை ஊரில் முதலில் எதிர்ப்பட்டவரிடம் ஒப்படைத்துவிடுவது மிகப் பரவலான பிழை. அவர் நல்லவராகவே இருப்பார். ஆனாலும் பட்டியல் அவர் தெருவில் தொடங்கி அவர் பங்காளிகளோடு முடிந்துவிடும். விடுபடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு இப்போது மனப்பாடம்: ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள், ரேஷன் அட்டையே இல்லாதவர்கள், பூம்பூம் மாட்டுக்காரர்கள், மகனோடு சண்டை போட்டுக்கொண்டு தனியே பொங்கித் தின்கிற கிழவிகள். இந்தக் கடைசி வகையினர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அட்டை மகன் பெயரில், பை மகன் வீட்டுக்கு. ஆகவே மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்களையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை வீடு வீடாக நடந்துவிடுங்கள். இரண்டு மணி நேர வேலை. பட்டியலை நான்கு நாள் முன்பே ஊருக்குத் தெரியும்படி ஒட்டிவிட்டால், சண்டை எல்லாம் விழாவுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

இடம். கோவில் மண்டபம் சும்மா கிடைக்கிறது, நிழலும் இருக்கிறது என்பார்கள். அந்த மண்டபத்துக்குள் எல்லாத் தெருக்காரர்களும் கூசாமல் வந்து உட்கார்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும், பதில் சொல்ல ஊர்க்காரர்களுக்கு அதைவிடக் கூச்சமாக இருக்கும். ஒரு முறை நாங்கள் குடியானத் தெரு மண்டபத்தில் வைத்தோம். காலனித் தெருக்காரர்கள் வந்தார்கள். வந்து, மழைத் தூறலில், வாசலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. “உள்ளே வாருங்கள்” என்று மைக்கில் கூப்பிடக் கூப்பிட அவர்களுக்கு வேதனைதான் கூடியது. அதற்கப்புறம், யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்கள் தெருவுக்கே போய்விடுகிறோம். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் கட்ட நல்ல கயிறு மட்டும் எடுத்துப் போனால் போதும்.

டோக்கன் விஷயத்தில் அலட்சியம் ஆளைக் கொல்லும். அப்படியே நடந்திருக்கிறது. 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியுமுன் கூடிய கூட்டத்தில் மிதிபட்டு 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலை டோக்கன் வாங்க வந்த நான்கு மூதாட்டிகள் நெரிசலில் போனார்கள். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: ஒரே வாசல், ஒரே நேரம், கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் டோக்கனின் வேலை. வீட்டிலேயே கொண்டுபோய்ப் பெயர் எழுதிக் கொடுங்கள், கூட்டம் கூட்டி அதைக் கொடுக்காதீர்கள். “உங்கள் பையில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது, எப்போது வந்தாலும் இருக்கும்” என்று ஒருவர் நம்பிவிட்டால் அவர் முண்டியடிக்க மாட்டார். தெருவுக்கு அரைமணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்விடுங்கள். காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நேரத்தை முன்பே தொட்டுவிட்டேன். வேலை நாளில் முற்பகல் வேண்டாம். நூறு நாள் வேலை நடக்கிற ஊரானால் அதையும் விசாரித்துக்கொண்டு, மாலை 5 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் வந்தால் வரவேற்போம், வராவிட்டால் காத்திருக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அவரிடமே சொல்லிவிடலாம். நாங்கள் அப்படிச் சொன்ன பிறகு சிறப்பு விருந்தினர்கள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. நேரம் மிச்சம்.

பிறகு புகைப்படம். ஒரு புடவையை இரண்டு பக்கமும் ஆறு பேர் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு மூதாட்டி தலைகுனிந்து நிற்கும் படத்தை நீங்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அந்த ஆறு பேரில் நானும் இருந்திருக்கிறேன். வெளியூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன அந்த மூதாட்டியின் பேரனுக்கு அந்தப் படம் யார் மூலமாகவோ போய்ச் சேர்ந்தது. அவன் என்னை அழைத்து, கோபப்படாமல், “படத்தை எடுத்துவிட முடியுமா, ஐயா? இங்கே கூட வேலை பார்ப்பவர்கள் பார்த்துவிட்டார்கள்” என்றான். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது உண்மைதான். அதற்கு அடுக்கி வைத்த பைகளின் படமும் கடை ரசீதும் போதும், முகம் எதற்கு? பிள்ளைகள் முகம் கூடவே கூடாது.

சாப்பாடு போடுவதாக இருந்தால் பந்தியாக உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுங்கள். வாழையிலைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. விடியற்காலை 4 மணிக்குக் கிளறிய சாம்பார் சாதத்தைச் சூட்டோடு பொட்டலம் கட்டி மதியம் 2 மணிக்கு நீட்டினால் வாடை வந்துவிடும். பொட்டலத்துக்கு பிளாஸ்டிக் தாளும் 2019 முதல் தடை. ஊரிலேயே சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கூலி கொடுத்து அவர்களையே சமைக்கச் சொல்லலாம். மளிகையையும் பானையையும்கூடப் பக்கத்துக் கடைத்தெருவில், பக்கத்துக் குயவரிடம் வாங்குங்கள். சென்னையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று ஏற்றிக்கொண்டு வந்தால் அந்த மிச்சம் வேன் வாடகைக்குப் போய்விடுகிறது.

பணக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்ததையும் போனதையும் பைசா சுத்தமாக எழுதி ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஃபிளெக்ஸ், பொன்னாடை, சாமியானா, ஒலிபெருக்கி ஆகிய நான்கையும் தனியே கூட்டிப் பாருங்கள். நாங்கள் கூட்டிப் பார்த்த ஆண்டு, அந்தத் தொகையில் இன்னும் முப்பது வீட்டுக்குப் பருப்பு வாங்கியிருக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. எல்லாம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது, மாடு கட்டிவிட்டோ, ஆஸ்பத்திரியிலிருந்தோ, பெயர் விடுபட்டதால் தயங்கித் தயங்கியோ யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். ஒரு ஊரிலும் இது தவறியதில்லை. அவருக்காகப் பத்துப் பைகளை வேன் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் போட்டு வையுங்கள். மேடையில் இருந்தவர்கள் கண்ணில் படாமல் வைப்பது முக்கியம். பட்டால், தெரிந்தவர் ஒருவருக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.