ஆற்றல் எங்கிருந்து வந்தது? துகள் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி லேபில் துகள் சிமுலேஷனுக்குத் தோதான காட்சி, களத்தில் நெல் தூற்றுவது. மணி, பதர், தூசி, காற்று எல்லாம் அதில் இருக்கிறது. நிரலில் அடைப்புக்குறி விட்டுப்போனால், நிரல்மொழியான பைத்தானே கத்திவிடும். கத்தாமல் காலை வாரும் தவறுகள் இவை.

பழைய வேகத்தில் நகர்த்துவது

ஒவ்வொரு படியிலும் விசையைக் கண்டபின், மாணவர்கள் முதலில் துகளின் இடத்தை மாற்றி, பிறகு அதே விசையால் வேகத்தை மாற்றுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்.

1 கிலோ எடையை, மாறிலி 40 நியூட்டன்/மீட்டர் உள்ள ஸ்பிரிங்கில் மாட்டி 10 செ.மீ. இழுத்து விடுங்கள். காலப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், 0.01 விநாடி. 40 × 0.01 × 0.01 = 0.004. ஆக, ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1.004 மடங்கு. வட்டிக்கு வட்டி ஏறி, 10 விநாடியில் 54 மடங்கு! 10 செ.மீ. ஆடியது 74 செ.மீ. ஆடும். காலப்படியை 0.001 ஆக்கினால் கணினிக்குப் பத்து மடங்கு வேலை. அப்போதும் 10 விநாடியில் ஆற்றல் 49% கூடியிருக்கும்.

எரிச்சல் வருவது அடுத்த காரியத்தில். படிக்குப் படி வேகத்தை 0.99-ஆல் பெருக்கிவிட்டு, "காற்றுத் தடை போட்டிருக்கேன் சார்" என்பார்கள். மடையை அடைக்காமல் வயலில் தண்ணீர் இறைக்கிற வேலை இது. தனியாகப் பறக்கும் துகளுக்கு ஒரு விநாடியில் 37% வேகம் மிஞ்சும்; காலப்படியைப் பாதியாக்கினால் அதுவே 13%. படியை மாற்றினால் காற்றின் தன்மை மாறுமா?

மருந்து, இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான். முதலில் வேகம், பிறகு அந்தப் புது வேகத்தில் இடம். இந்த ஸ்பிரிங்கில் ஆற்றல் சுமார் 3% ஏறி இறங்கும், ஏறிக்கொண்டே போகாது. 1967-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் வெர்லே 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் ஓட்டிய முறையும் இதற்கு நெருங்கிய சொந்தம்.

தடையில் காற்றை மறப்பது

தடை விசைக்கு வேண்டியது துகளின் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கழித்த மிச்சம். கழிக்காவிட்டால் பதர் முறத்துக்கு நேர்கீழே, நெல்லோடு சேர்ந்து விழும்.

தூசியில் இன்னொரு வம்பு. விநாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இறங்கும் தூசிக்கு, தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்று கொண்டால், கெழு 9.8 ÷ 0.02 = 490. காலப்படி 0.01-ஆல் பெருக்கினால் 4.9. இது 2-ஐத் தாண்டினாலே வேகம் படிக்குப் படி திசை மாறி வீங்கும்; தூசி காற்றை எதிர்த்துப் பாயும். கழித்து வந்த அந்த மிச்ச வேகத்தை 1 + 4.9-ஆல் வகுத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

தன்னையே ஈர்ப்பது

ஜோடி ஜோடியாக ஈர்ப்பைக் கணக்கிடும்போது துகளைத் தன்னோடேயே ஜோடி சேர்த்தால் தூரம் 0. வகுத்தல் தொலைந்தது.

பழைய விசையைத் துடைக்காதது

விசையைக் கூட்டிக்கொண்டே போகிறோம்; போன படியின் மிச்சம் சேராமலிருக்க, ஒவ்வொரு படி தொடங்கும்போதும் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

கணக்கு முடியுமுன் நகர்த்துவது

எல்லா ஜோடிக்கும் விசையைக் கண்ட பிறகே முதல் துகளை அசைக்க வேண்டும். ஒன்றைக் கணக்கிட்டதும் நகர்த்தினால், அடுத்தது அதன் புது இடத்தைப் பார்த்துக் கணக்கிடும். விசையும் எதிர்விசையும் சமமாகாது. காற்றே இல்லாத களத்தில் நெற்குவியல் தானாக ஒரு பக்கம் ஊர்ந்தால், முதலில் இந்த லூப்பைத் திறந்து பாருங்கள்.