டீசல் இன்ஜினில் உராய்வு குறைக்கும் அடிட்டிவ் ஊற்றலாமா? ஒரு மெக்கானிக்கின் பதில்

டீசல் இன்ஜின்களைப் பிரித்துக் கோப்பதுதான் என் தொழில். இன்ஜின் ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு "இதை ஊற்றட்டுமா?" என்று கேட்பவர்களிடம், அந்த இன்ஜினுக்கு என்ன குறை என்றுதான் முதலில் கேட்பேன். குறை ஒன்றும் இல்லையென்றால் பாட்டில் தேவையில்லை. குறை இருந்தால், பாட்டில் அதைச் சரிசெய்யாது, மறைக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சொந்த வண்டியில், சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் இறங்கி, அடியில் டொக் டொக் என்று சத்தம் வந்தது. ஒரு பாட்டில் ஊற்றினேன். சத்தம் அடங்கியது, பிரஷரும் ஏறியது. இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். சத்தம் திரும்பியபோது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, அதில் சுழலும் கிராங்க் தண்டிலும் கோடு விழுந்திருந்தது. அந்த பாட்டில் ஆயிலைக் கெட்டியாக்கியது, அவ்வளவுதான். சத்தம் கேட்ட அன்றே பிரித்திருந்தால் பேரிங் மாற்றியதோடு முடிந்திருக்கும். கிராங்க்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

நல்ல டீசல் ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், அழுக்கைக் கழுவும் கால்சியம் அல்லது மெக்னீசியம் உப்புகள், கரியைக் கட்டியாகவிடாமல் மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட், நுரை தடுப்பான் எல்லாம் அளந்து கலந்துதான் வருகிறது. புது ஆயில் சில நாளிலேயே கறுப்பாவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கரியை அது தாங்கிப் பிடித்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். இந்தச் சேர்மங்கள் உலோகப் பரப்பில் இடம் பிடிக்க ஒன்றோடொன்று போட்டி போடுபவை. வெளியிலிருந்து இன்னொன்றை ஊற்றினால் அந்தக் கணக்கு கலைகிறது.

உராய்வு எங்கே நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஓடும் இன்ஜினின் பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. கிராங்க் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது, அங்கே இழப்பைத் தீர்மானிப்பது ஆயிலின் பாகுத்தன்மை. உராய்வு குறைப்பான் வேலை செய்யக்கூடிய இடங்கள் வால்வைத் திறக்கும் கேமும் டேப்பட்டும் உரசும் இடம், பிஸ்டன் மேலும் கீழும் நின்று திரும்பும்போது ரிங் உரசும் இடம் என்று சிலதான். மாலிப்டினம் சேர்மம் அங்கே உராய்வைக் குறைப்பது உண்மை. ஆனால் டீசல் ஆயிலில் கரி சேரச் சேர அந்தப் பலன் தேய்ந்துபோகிறது.

டெஃப்லான் தூள் கலந்தவற்றை நான் தொடுவதில்லை. திடத் துகள்களைப் பிடிக்கத்தானே ஃபில்டரையே வைத்திருக்கிறோம்? குளோரின் சேர்ந்த பாரஃபின் உள்ளவை இன்னும் மோசம். சூட்டில் அமிலமாகி பேரிங்கை அரிக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை என்பது போன்ற விளம்பரத்துக்காக ஸ்லிக் 50 என்ற அடிட்டிவ் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வணிக ஆணையமே 1996இல் நடவடிக்கை எடுத்தது.

டிபிஎஃப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர், உள்ள வண்டி என்றால் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். உலோகச் சேர்மம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கரியை எரித்துத் தள்ளலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

சரி, சோதித்துத்தான் பார்ப்பேன் என்றால் ஒழுங்காகச் சோதியுங்கள். ஆயில் மாற்றும் அன்றே பாட்டிலையும் ஊற்றினால், புது ஆயில் வேலை செய்ததா அடிட்டிவ் வேலை செய்ததா என்று தெரியாது. முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர் இரண்டையும் சரிசெய்யுங்கள். பிறகு புது ஆயிலில் ஐந்து டேங்க் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பம்ப்பில், ஒரே அளவுக்கு நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அடுத்து அடிட்டிவ் ஊற்றி, அதே பாதையில், அதே சுமையோடு இன்னும் ஐந்து டேங்க். அடிட்டிவ் இல்லாத ஐந்து டேங்குக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறதோ, அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிந்தால்தான் கணக்கு. "வண்டி ஸ்மூத்தா போகுது" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்கும் அந்த இரண்டு மாதம் ஸ்மூத்தாகத்தான் இருந்தது.

பாட்டிலுக்குக் கொடுக்கும் காசை ஆயில் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்பேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது, வடியும் ஆயிலின் நடுப்பகுதியைச் சுத்தமான புட்டியில் பிடித்து அனுப்பினால், இரும்பு, செம்பு, ஈயம், கரி எல்லாவற்றின் அளவும் கிடைக்கும். ஒரு முறை பார்த்தால் போதாது, ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அனுப்பி ஒப்பிட வேண்டும். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைப் பாருங்கள்.

மற்றபடி, ஹேண்ட்புக்கில் போட்டிருக்கும் தரத்திலும் கிரேடிலும் ஆயில் வாங்கி, சொன்ன நேரத்தில் மாற்றினால் போதும். நீலப் புகை வந்தால் ரிங்கையும் வால்வ் சீலையும் பாருங்கள், கறுப்புப் புகை வந்தால் காற்றையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? பதற வேண்டாம். அடுத்த ஆயில் மாற்றத்தைப் பாதி தூரத்திலேயே செய்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பைப் பிழிந்து விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு அல்லது இரும்பு, ஒட்டாமல் மினுங்கினால் பேரிங் அல்லது பிஸ்டன் துகளாக இருக்கலாம். இரண்டில் எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு சம்ப்பைக் கழற்றுங்கள்.