மூச்சின் வேகத்தை உடல் எப்படி முடிவு செய்கிறது: வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

இதற்கு நொடிமுள் உள்ள கடிகாரம், நாற்காலி, மாடிப்படி, உடன் ஒருவர் ஆகியவை போதும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழே உள்ள ‘படி 1’ உடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படி 1: ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் நடை மாறிவிடும் என்பதால், செவிலியர்கள் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவதுண்டு. நீங்களும் அப்படியே செய்யலாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரையும், பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரையும் இயல்பு. இந்தத் தாளத்தை மூளையின் அடிப்பகுதியான முகுளம் உண்டாக்கி, நரம்பு வழியாக, மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்துக்கு அனுப்புகிறது.

படி 2: இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சுவிட்டே ஆகவேண்டும் என்ற தவிப்பு எழுந்ததும் விட்டுவிடுங்கள். அதற்குமேல் அடக்க வேண்டாம். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால்தான் தவிப்பு வந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டியிருந்தால், அந்த நேரத்தில் அதன் எண் பெரும்பாலும் அதிகம் இறங்கியிருக்காது. உண்மையில் வெளியேற முடியாத கரியமில வாயு இரத்தத்தில் சேர்ந்து, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. முகுளத்தின் மேற்பரப்புக்கு அருகிலுள்ள உணரிகள் அதைக் கண்டு மூச்சைத் தூண்டுகின்றன. இந்த வாயு சிறிதளவு கூடினாலே சுவாசம் பெருகுவதை உடலியல் ஆய்வாளர்களான ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் காட்டினார்கள். என் பார்வையில், மூச்சைப் பற்றி முதலில் கற்க வேண்டியது இதுதான்.

ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்கும் உணரிகள் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ளன. இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கும்போதுதான், உதாரணமாக உயர்ந்த மலைகளில், அவை வலுவாகக் குரல் கொடுக்கும்.

படி 3: இரண்டு மாடி ஏறி, உடனே மீண்டும் எண்ணுங்கள். ஏறத் தொடங்கிய முதல் சில நொடிகளிலேயே, இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதற்கு முன்பே, மூச்சு பெருகிவிடும். தசைகளை இயக்கும் மூளைப் பகுதியும் கை கால் மூட்டுகளும் முகுளத்துக்கு முன்கூட்டியே தகவல் தந்துவிடுகின்றன.

இரண்டாம் படியைக் குளத்திலோ கிணற்றிலோ ஒருபோதும் செய்யாதீர்கள். மூழ்குமுன் பலமுறை ஆழ்ந்து மூச்சுவிட்டால் கரியமில வாயு வெளியேறிவிடுவதால் தவிப்பு தாமதமாகும். அது வருவதற்குள் ஆக்சிஜன் குறைந்து, நீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடும்.