மெஸ்காலில் புகை தூக்கலாக இருந்தால்

மெக்சிகோவின் வஹாகா பக்கம் அகாவேயின் நடுப்பகுதியை மண்குழியில், சூடேறிய கற்கள்மேல் போட்டு மூடி வேகவைப்பார்கள். அதிலிருந்து வடிக்கும் மதுதான் மெஸ்கால்; அதன் புகை வாசம் அங்கிருந்து வருவதுதான். (நம் ஊர் ஆனைக்கற்றாழையும் அகாவே இனமே.)

வீட்டில் மெஸ்கால் காக்டெயில் கலந்தபோது புகை மட்டுமே தெரிந்தது. அகாவே பாகு அடியில் தங்கிவிட்டது. அதனால் அடுத்த முறை பாகைச் சம அளவு வெந்நீரில் கரைத்தேன். விதை நீக்கிய ஹலபேன்யோ மிளகாய் இரண்டு வில்லைகளை அதிலேயே பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினேன். கூடுதலாக ஊறினால் தொண்டையைப் பிடிக்கும்.

அப்புறம் மெஸ்கால் 30 மி.லி., டெக்கீலா (புகை வாசமில்லாத அகாவே மது) 30, எலுமிச்சைச் சாறு 25, பாகு 20, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கினேன். டெக்கீலா சரிபாதி சேர்ந்ததில்தான் புகை அடங்கியது. கிளாஸ் விளிம்பில் மிளகாய்த்தூள் தடவுவது எனக்குச் சரிப்படவில்லை, மூக்கில் ஏறுகிறது.