பேசினாலே சண்டை வரும் குடும்பத்துக்குச் சிலையும் கிழமையும்

குறுவை நடவு, சம்பா அறுவடை வாரங்களில் டெல்டா குடும்பத்தைக் குடும்ப ஆலோசனை அமர்வுக்கு அழைக்காதீர்கள். பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். வராதவர் தலையில் பழி விழும்.

வாய் திறந்தாலே சண்டை என்றால் ‘குடும்பச் சிலை’ கைகொடுக்கும். அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் வர்ஜீனியா சடிர் பெரிதும் கையாண்ட முறை. நாற்காலிகளை ஒதுக்கி, ஒருவரைச் சிற்பியாக்குங்கள். யார் யாருக்கு அருகில், முகம் எந்தப் பக்கம், கை யாரைச் சுட்டுகிறது என்று அவர் பேசாமலே மற்றவர்களை நிறுத்தி, கடைசியில் தானும் நிற்பார். ஒரு நிமிடம் யாரும் அசையக்கூடாது. பிறகு, ‘இங்கே நிற்கையில் எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் இப்படி நிறுத்தினாய்?’ என்றால் பஞ்சாயத்து தொடங்கிவிடும். அடுத்து, தான் விரும்பும் அமைப்பைச் சிற்பி காட்டட்டும். அதற்காக யார் எவ்வளவு நகர்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வுகளின் வேலை அதுதான்.

வீட்டுப் பெரியவரை முதல் சிற்பியாக்குவது வழக்கமான தவறு. அவர் நிறுத்தியதை மருமகள் மாற்றமாட்டார். விவரம் தெரிந்த பிள்ளையிடம் முதலில் விடுங்கள். மாமனாரைத் தொட்டு நகர்த்தச் சங்கடமா? தரையில் சோழிகளை வைத்துச் செய்யலாம்.

பிள்ளை விஷயத்தில் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், இத்தாலியின் மிலான் நகரக் குடும்ப சிகிச்சைக் குழு 1978இல் எழுதிய முறை: செவ்வாய், வியாழன், சனி தகப்பன் முடிவு, திங்கள், புதன், வெள்ளி தாய் முடிவு, மற்றவர் அங்கே இல்லாததுபோல் இருக்க வேண்டும். ஞாயிறு இஷ்டப்படி. குறுக்கிட்டால் நோட்டில் எழுத வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பாட்டிக்கும் இதைச் சொல்லாவிட்டால் இரண்டே நாளில் குலையும்.

அடி உதை நடக்கும் வீட்டில் இவை எதுவும் வேண்டாம். தனித்தனியே பார்த்து, 181 (பெண்கள் உதவி எண்) அல்லது 1098 (குழந்தைகள் உதவி எண்) கொடுங்கள்.