சுவிட்சில் ட்ராஃபிக்கை வரிசைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் ஃபோன் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கிறது. சுவிட்சில் குரலுக்கு முதல் முன்னுரிமை கொடுத்தாயிற்று, ஆனாலும் நிலைமை மாறவில்லை. இந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வரிசைகளின் எடையை, அதாவது ஒவ்வொன்றுக்கும் தரும் பங்கை, கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாக்கெட்டுகள் எந்த இடத்தில் காத்து நிற்கின்றன?

வெளியேறும் போர்ட் காலியானதும், காத்திருப்பவற்றுள் அடுத்து எது போகட்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் ஷெட்யூலரின் வேலை. அந்தப் போர்ட்டில் எதுவும் காத்திருக்கவில்லை என்றால் தேர்வுக்கு இடமே இல்லை. எந்த எடை கொடுத்தாலும் பலன் ஒன்றுதான். கீழே வரும் தவறுகளில் பாதி, வரிசை இல்லாத இடத்தில் ஷெட்யூலரை வைப்பதால் வருபவை. மீதி, அளவைத் தவறாக எண்ணுவதால் வருபவை.

நெரிசல் வேறிடத்தில், முன்னுரிமை இங்கே

இணைய நிறுவனத்திடம் 100 மெகாபிட் சேவை வாங்கியிருக்கிறீர்கள். அவர்களுடைய பெட்டியோடு உங்கள் சுவிட்ச் 1 ஜிகாபிட் போர்ட்டில் இணைந்திருக்கிறது. உங்கள் போர்ட்டைப் பொறுத்தவரை 150 மெகாபிட் வந்தாலும் நெரிசலே இல்லை, வந்தவுடன் அனுப்பிவிடும். மிகுதி 50 மெகாபிட்டை வெட்டுவது எதிர்முனையில் இருக்கும் போலீசர். அதற்கு உங்கள் குரல் பாக்கெட்டும் யாரோ ஏற்றும் கோப்பும் ஒன்றுதான்.

நெரிசலை உங்கள் பக்கம் இழுத்துவர வேண்டும். வெளியேறும் போர்ட்டில் முதலில் ஒரு ஷேப்பர் (மிகுதியை வெட்டாமல் காக்கவைத்து அனுப்பும் அமைப்பு) போட்டு வேகத்தை 95 மெகாபிட் அளவுக்குக் கட்டுங்கள். முன்னுரிமை வரிசைகளை அந்த ஷேப்பருக்கு உள்ளே வையுங்கள். இப்போது பாக்கெட்டுகள் உங்கள் சுவிட்சிலேயே காத்திருக்கும், ஷெட்யூலருக்கும் வேலை வரும். பயனர்களின் கருவிகளை இணைக்கும் சில அக்சஸ் சுவிட்சுகளில் ஷேப்பருக்குள் வரிசை அமைக்கும் வசதி கிடையாது. அப்படியானால் இந்த வேலையை ரூட்டரில்தான் செய்ய வேண்டும்.

ஷேப்பரின் வேகம் எதை எண்ணிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஈதர்நெட்டில் பாக்கெட் போகும் உறையான ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னே 8 பைட், பின்னே குறைந்தது 12 பைட் அளவு இடைவெளி. 64 பைட் ஃபிரேம் கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். ஷேப்பர் ஃபிரேமை மட்டும் எண்ணி 100 மெகாபிட் விட்டால், சிறு ஃபிரேம்கள் மட்டுமே போகும் நேரத்தில் கம்பியில் அது 131 மெகாபிட். ஜி.711 (64 கிலோபிட் குரல் குறியாக்கம்) குரல், 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால், ஃபிரேம் 218 பைட், கம்பியில் 238 பைட். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 95.2 கிலோபிட் என்று எழுதிக்கொள்ளுங்கள். 64 கிலோபிட் என்று போட்டுத் திட்டமிட்டால் மூன்றில் ஒரு பங்கு விடுபட்டுப்போகும்.

46-க்கும் 184-க்கும் இடையில்

பாக்கெட் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் குறியீடு டிஎஸ்சிபி; குரலுக்கு அந்த எண் 46. டிஎஸ்சிபி என்பது ஐபி தலைப்பில் உள்ள ஒரு பைட்டின் மேல் ஆறு பிட். கீழ் இரண்டு பிட் நெரிசல் அறிவிப்புக்கு உரியது. சில மென்பொருள்களும் சோதனைக் கருவிகளும் முழு பைட்டையும் கேட்கும். அங்கே 46-ஐ 4-ஆல் பெருக்கி 184 என்று கொடுக்க வேண்டும். 46 என்றே கொடுத்தால் சுவிட்ச் அதை டிஎஸ்சிபி 11 என்று வாசிக்கும். 11 எந்த வகுப்பிலும் சேராததால் பாக்கெட் சாதாரண வரிசையில் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதனால்தான் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

குறியீடு சரியாக இருந்தாலும் சுவிட்ச் அதை நம்ப வேண்டும். சிஸ்கோ காட்டலிஸ்ட் 2960, 3750 மாடல்களில் க்யூஓஎஸ்-ஐ (ட்ராஃபிக்கை வகைப்படுத்தி முன்னுரிமை தரும் வசதியை) இயக்கியதுமே எல்லாப் போர்ட்டுகளும் நம்பகமற்றவை ஆகிவிடும். வரும் குறியீடு 0 என்று மாற்றப்படும். போதாததற்கு, பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடமான போர்ட்டின் பஃபர் நான்கு வரிசைகளுக்கும் 25 சதவீதமாகப் பிரிந்துவிடும். எல்லா ட்ராஃபிக்கும் 0 குறியீட்டோடு ஒரே வரிசையில் விழும்போது அதன் கையில் இருப்பது கால் பங்கு பஃபர். க்யூஓஎஸ் போட்ட பிறகு நெட்வொர்க் முன்பைவிட மோசமாகிவிட்டது என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம். போர்ட்டில் டிஎஸ்சிபி நம்பிக்கையை அமைத்து, பஃபர் பங்கீட்டையும் உங்கள் ட்ராஃபிக்குக்கு ஏற்ப மாற்றிவிட்டுத்தான் க்யூஓஎஸ்-ஐ இயக்க வேண்டும்.

ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்க ஃபிரேமில் சேர்க்கும் விலான் குறியில் இருக்கும் மூன்று பிட் முன்னுரிமையை நம்பும்படி அமைப்பவர்கள், குறியில்லாத ஃபிரேமில் அந்தப் பிட்டுகளே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

எல்லையில்லாத முதல் வரிசை

ஸ்ட்ரிக்ட் பிரியாரிட்டி வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை மற்ற வரிசைகளுக்கு வாய்ப்பே கிடையாது. ஆகவே அதற்குள் எவ்வளவு நுழையலாம் என்று போலீசர் போட்டே ஆக வேண்டும். லிங்க் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைப்பது பரவலான வழக்கம். உச்ச நேரத்தில் 100 அழைப்பு என்றால் 9.5 மெகாபிட், 12 மெகாபிட் எல்லை தாராளம். எல்லையில்லாமல் விட்டுவிட்டு, ஒரு தவறான கணினி எல்லாவற்றுக்கும் 46 என்று குறியிட்டு அனுப்பினால், கீழ் வரிசையில் இருக்கும், ரூட்டர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் ரூட்டிங் நெறிமுறையின் ஹலோ பாக்கெட்டும் பட்டினி கிடக்கும். ஈதர்நெட்டில் வழக்கமான அமைப்பில் 40 வினாடி ஹலோ வராவிட்டால் ரூட்டிங் உறவு அறுந்துவிடும். ரூட்டிங் நெறிமுறைகளுக்குத் தனி வரிசையும் உறுதியான பங்கும் கொடுங்கள்.

வீடியோவையும் அதே வரிசையில் போடுவது இன்னொரு தவறு. வீடியோ சீராக வராது. முழுப்படம் வரும்போது 40 பெரிய பாக்கெட் மொத்தமாக வரலாம். 100 மெகாபிட் லிங்க்கில் அவை கடக்க 4.9 மில்லிவினாடி ஆகும். அவற்றின் பின்னால் மாட்டிய குரல் பாக்கெட்டுக்கு அவ்வளவும் தாமதம், அதுவும் ஒழுங்கற்ற தாமதம். சராசரி வேகத்தைப் பார்த்தால் இது தெரியாது.

பாக்கெட்டை எண்ணும் எடை

வரிசைகளுக்கு எடைக்கு ஏற்பச் சுழற்சியாக முறை கொடுக்கும் வெயிட்டட் ரவுண்ட் ராபினில் இரண்டு வரிசைக்கு 1:1 கொடுத்தால் பாதிப் பாதி கிடைக்கும் என்று நினைப்போம். சுவிட்ச் பாக்கெட்டை எண்ணினால் கிடைக்காது. ஒன்றில் 1518 பைட் ஃபிரேம்கள், மற்றதில் 64 பைட் ஃபிரேம்கள் என்றால் பங்கீடு 96-க்கு 4. உங்கள் மாடல் பாக்கெட்டை எண்ணுகிறதா, பைட்டை எண்ணுகிறதா என்று கையேட்டில் தேடிப் பார்த்துவிட்டு எடை போடுங்கள்.

ஸ்ரீதரும் வர்கீஸும் 1995-இல் வெளியிட்ட டெஃபிசிட் ரவுண்ட் ராபின் பைட்டை எண்ணுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வரிசைக்குக் குறிப்பிட்ட பைட் அளவு வரவு வைக்கப்படும்; செலவழியாத மிச்சம் அடுத்த சுற்றுக்குப் போகும். அந்த வரவு மிகப்பெரிய ஃபிரேமைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 300 பைட் கொடுத்தால் 1518 பைட் ஃபிரேம் ஒன்று வெளியேற ஆறு சுற்று ஆகும். சும்மா சுற்றும் சுற்றுகள் ஷெட்யூலரின் நேரத்தைத் தின்னும். ஜம்போ ஃபிரேம் இருந்தால் 9000-க்கு மேல் போக வேண்டும். அதற்காக அள்ளிக் கொடுக்கவும் கூடாது. வரவு 64 கிலோபைட் என்றால் 1 ஜிகாபிட் லிங்க்கில் ஒரு வரிசையின் முறை 0.52 மில்லிவினாடி; எட்டு வரிசைகளும் நிரம்பியிருந்தால் தன் முறைக்கு 3.7 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். வரிசை காலியானதும் மிச்ச வரவைச் சுழியமாக்குவதையும் மறக்கக் கூடாது. தானே எழுதிப் பார்க்கும் மாணவர்களின் நிரலில் அடிக்கடி விடுபடும் வரி இது.

ஐந்து நிமிடச் சராசரியை நம்புவது

வரைபடத்தில் 3 சதவீதப் பயன்பாடு, கவுண்டரில் டிராப். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டுகள் ஒரே 10 ஜிகாபிட் போர்ட்டுக்கு அனுப்பினால், மில்லிவினாடிக்கு 1.25 மெகாபைட் மிஞ்சும். 12 மெகாபைட் பகிர்ந்த பஃபர் இருந்தாலும் ஒரே வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. காலியிடத்தின் எத்தனை மடங்கு ஒரு வரிசை வளரலாம் என்று சொல்லும் ஆல்ஃபாவை 1 என்று வைத்தால் காலியாக மிச்சமிருக்கும் அளவுக்குத்தான் வரிசை வளரலாம். அதாவது தனியாக நின்றால் 6 மெகாபைட், நெரிசலான வரிசை இரண்டானால் ஆளுக்கு 4. ஆறு மெகாபைட் 4.8 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்தில் 10 மில்லிவினாடி வெடிப்பு நூறு வந்தாலும் மொத்தம் 1 வினாடிதான். சராசரியில் அது 0.3 சதவீதம். வரிசையின் உச்ச ஆழத்தைப் பதிவுசெய்யும் கவுண்டர் உங்கள் சுவிட்சில் இருந்தால் அதை எடுங்கள். இல்லையேல் டிராப் எண்ணிக்கையை வினாடிக்கு ஒருமுறை எடுங்கள்.

டிராப்பைப் பார்த்ததும் பஃபரை உச்சத்துக்கு ஏற்றுவது சரியான மருந்து ஆகாது. 12 மெகாபைட் வரிசை 10 ஜிகாபிட்டில் 9.6 மில்லிவினாடி தாமதம். மொத்தமாகப் பேக்கப் எடுக்கும் வரிசைக்கு அது பரவாயில்லை, குரலுக்கு ஆகாது.

டிராப்பே வேண்டாம் என்று, எதிர்முனையை நிறுத்தச் சொல்லும் ஃப்ளோ கன்ட்ரோலை இயக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சாதாரண பாஸ் (PAUSE) ஃபிரேம் லிங்க் முழுவதையும் நிறுத்தும். குரலும் சேர்ந்து நிற்கும். வகுப்புவாரியாக நிறுத்தும் 802.1க்யூபிபி மேலானது, ஆனால் அதை எட்டு வகுப்புக்கும் போட்டால் பழைய கதைதான். தேவையான ஒன்றிரண்டு வகுப்புக்கு மட்டும் போட்டு, நிறுத்து என்று சொன்ன பிறகும் வழியில் இருப்பவை வந்து சேர இடம் ஒதுக்குங்கள். கேபிள் மீட்டருக்கு 5 நானோவினாடி: 100 ஜிகாபிட்டில் 100 மீட்டர் போய்வர 12.5 கிலோபைட், 10 கிலோமீட்டர் என்றால் 1.25 மெகாபைட். இதற்கு மேல் இரு முனையிலும் தலா ஒரு பெரிய ஃபிரேமும், எதிர்முனை செய்தியைப் புரிந்து நிற்கும் நேரமும் சேரும்.

தொழிற்சாலை நெட்வொர்க்கில்

802.1க்யூபிவி முறையில் வரிசைகளின் கதவுகள் கால அட்டவணைப்படி திறந்து மூடும். கதவு மூடும் நேரத்தில் பெரிய ஃபிரேம் பாதியில் போய்க்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக முன்னே ஒரு காப்பு நேரம் விட வேண்டும்: 1 ஜிகாபிட்டில் 12.3 மைக்ரோவினாடி, 100 மெகாபிட்டில் 123. சுற்று 250 மைக்ரோவினாடி என்று வைத்துக்கொண்டு 100 மெகாபிட்டில் இதைச் செய்தால் ஏறத்தாழ பாதி நேரம் வீண். அங்கே ஃபிரேமை இடையில் நிறுத்தித் தொடரும் 802.1க்யூபியு வேண்டும். எல்லா சுவிட்சிலும் ஒரே நொடியில் கதவைத் திறப்பதும் தவறு. கம்பியிலும் சுவிட்சிலும் ஆகும் நேரத்தைக் கூட்டி அடுத்தடுத்த கதவைத் தள்ளி வைக்க வேண்டும்.

கிராஸ்பாரும் சோதனையும்

கிராஸ்பார் என்பது நுழையும் போர்ட்டுகளை வெளியேறும் போர்ட்டுகளோடு சுவிட்சுக்குள் இணைக்கும் பகுதி. நுழையும் போர்ட்டில் ஒரே வரிசை வைத்தால், தலையில் நிற்கும் பாக்கெட் தன் வாசலுக்கு (வெளியேறும் போர்ட்டுக்கு) காத்திருக்கும்போது பின்னால் இருப்பவற்றின் வாசல் காலியாக இருந்தும் போக முடியாது. போர்ட்டுகள் அதிகமாக ஆக, சீரான ட்ராஃபிக்கில் எட்டக்கூடிய உச்சம் 58.6 சதவீதத்தை நோக்கிச் சரியும் என்று கரோல், லுஹிஜ், மார்கன் 1987-இல் காட்டினார்கள். தீர்வு, ஒவ்வொரு நுழைவிலும் ஒவ்வொரு வெளியேறும் போர்ட்டுக்கும் தனி வரிசை; 32 போர்ட்டுக்கு 1024 வரிசை. எந்த நுழைவுக்கு எந்த வாசல் என்று ஜோடி சேர்க்க, 64 பைட் செல்லுக்கு (ஒரே அளவாக வெட்டிய துண்டுக்கு) 10 ஜிகாபிட்டில் கிடைப்பது 51.2 நானோவினாடி. சுற்றுச் சுற்றாக ஜோடி சேர்க்கும் நிக் மெக்யோனின் ஐஸ்லிப் முறை அதற்குள் முடியும். அதை எழுதிப் பார்ப்பவர்கள் செய்யும் பிழை ஒன்று: வாசல் அனுமதி கொடுத்தவுடனேயே, அடுத்து எந்த நுழைவுக்கு முதலிடம் என்று காட்டும் சுட்டியை நகர்த்திவிடுவது. நுழைவு அந்த அனுமதியை ஏற்ற பிறகு, அதுவும் முதல் சுற்றில் ஏற்றால் மட்டுமே நகர்த்த வேண்டும். இல்லையென்றால் எல்லா வாசல்களின் சுட்டிகளும் ஒன்றாகவே சுழன்று ஒரே நுழைவைத் தேர்ந்தெடுக்கும். 2 போர்ட் சுவிட்சில் வேகம் 50 சதவீதத்தில் நின்றுவிடலாம்.

விற்பனைத் தாளில் இருக்கும் முழு வேகம் பெரும்பாலும் 1-லிருந்து 2-க்கு, 3-லிருந்து 4-க்கு என்று ஜோடியாக அனுப்பிப் பார்த்தது. அதில் இரண்டு நுழைவுகள் ஒரே வாசலுக்குப் போட்டியிடுவதே இல்லை. சுவிட்சுகளைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 2889 சொல்லும் நெரிசல் சோதனைக்கு நான்கு போர்ட் போதும்: முதல் போர்ட் தன் முழு வேகத்தில் பாதியை மூன்றாவதுக்கும் பாதியை நான்காவதுக்கும் அனுப்பட்டும், இரண்டாவது முழுவதையும் நான்காவதுக்கே அனுப்பட்டும். நான்காவதில் 150 சதவீதம், அங்கே டிராப் இயல்பு. மூன்றாவதில் 50 சதவீதம்தான். அங்கே ஒரு ஃபிரேம் தொலைந்தாலும் தலையில் நின்றது பின்னால் இருப்பதை அடைக்கிறது என்று பொருள். முதலில் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்து ஒருமுறையும், பிறகு இயக்கி ஒருமுறையும் ஓட்டி, மூன்றாவது போர்ட்டின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.